திரும்பி நிற்கிற மனுஷன்

மூகா தீவு, டோரஸ் நீரிணை, ஆஸ்திரேலியா
ஜனவரி 28

அன்பு மகள் ஒலீப்பிகாவுக்கு,

உன் அப்பா நிவியாக் எழுதுவது. சுகமாக இருக்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். பாதி ஆள் வியர்வையாக ஓடிவிட்டேன், மீதிப் பாதி உட்கார்ந்து இதை எழுதுகிறது. உன் முழங்கால் எப்படி? உன் புருஷன், என் அருமை அண்ணன் அடாமி, இருமல் மருந்தைக் குடிக்கிறானா, இல்லை வழக்கம்போல நாய்க்கு ஊற்றுகிறானா?

இங்கே போன் படகுத்துறையில் மட்டும்தான் எடுக்கிறது. அங்கே போனால் மழை. மழை விட்டால், "அந்தப் பக்கம் போகாதே, முதலை படுத்திருக்கு" என்கிறார்கள். அதனால் கடிதம்தான்.

நான் வேலை பழக வந்திருக்கும் அச்சுப் பட்டறை கடற்கரையில் ஒரு திறந்த கொட்டகை. நம் ஊரில் அச்சுக்கான லினோலியத் தகட்டை அடுப்புப் பக்கத்தில் வைத்து இளக்கித்தானே வெட்டுவோம்? இங்கே அது தானாகவே அப்பம் மாதிரிக் கிடக்கிறது. கல்லைத் தட்டிப் பழகிய கை என்னுடையது. முதல் நாள் கத்தியை வைத்து அழுத்தினேன், மேசை வரைக்கும் இறங்கிவிட்டது. தபீத்தா எட்டிப் பார்த்தாள். "அக்கா, அது நீங்க வேட்டையாடற சீல் இல்லை. ஏற்கெனவே செத்துதான் கிடக்கு. மெதுவா."

இந்தப் பட்டறையை நடத்துகிறவள் தபீத்தா. என் வயதுதான். நாக்கு மட்டும் உன் வயது.

"நீ என்ன வரைவே?" என்று கேட்டாள்.

"நான் வரைய மாட்டேன். என் மகள் வரைவா, நான் கல்லுல வெட்டி அச்சடிப்பேன்."

"மகளுக்கு என்ன வயசு?"

"அம்பத்திரெண்டு."

"உனக்கு?"

"நாப்பத்திநாலு."

கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். நான் விளக்கினேன்: என் அண்ணி ஒலீப்பிகாவுக்கு எட்டு வயதில் அவள் அப்பா நிவியாக் இறந்துபோனார். அடுத்துப் பிறந்த குழந்தை நான். அவர் பேரை எனக்குக் கொடுத்தார்கள். அதனால் நான் அவளுக்கு அப்பா, அவள் எனக்கு மகள். பெண் குழந்தை என்றால் என்ன, பேருக்கு ஆண் பெண் உண்டா? "அப்ப உன் அண்ணன் உனக்கு மருமகனா?" என்றாள். "ஆமா, அதனாலதான் அவன் எனக்குப் பயப்படறான்" என்றேன். கொட்டகையே சிரித்தது.

இங்கே வரைகிறவரே வெட்டுகிறார், அவரே அச்சும் போடுகிறார். ஒருத்தி வரைய, இன்னொருத்தி வெட்ட, படத்துக்குக் கீழே இரண்டு பேர் பெயரும் போடுவோம் என்று சொன்னால், "இது கல்யாணம் மாதிரி இல்ல இருக்கு" என்கிறாள்.

உன் ஆந்தைப் படத்தை நான் வரும்வரை யாரும் தொடக்கூடாது. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் அப்பா,
நிவியாக்


காங்கிக், நுனாவுட், கனடா
பிப்ரவரி 26

அப்பாவுக்கு,

ஒலீப்பிகா எழுதறேன். முழங்கால் இருக்கற இடத்துலதான் இருக்கு. அடாமி மருந்து குடிக்கலை, நாயும் குடிக்கலை. போன்ல பேசலாம்னு பாத்தா, மீன் பிடிக்கப் போட்ட பனி ஓட்டைக்குள்ள உன் அண்ணன் போனைத் தவற விட்டுட்டான். இப்ப மீனெல்லாம் எனக்கு வர்ற போனை எடுத்துப் பேசிட்டிருக்கும்.

நீ வேர்வையைப் பத்தி எழுதினதை ஊர் பூரா படிச்சுக் காட்டினேன். இங்க காத்து பனியைக் குவிச்சு கதவையெல்லாம் வெளிய இருந்து பூட்டிடுச்சு. தூமாசி ஜன்னல் வழியா வந்து பட்டறை அடுப்பை மூட்டினான். பட்டறைத் தலைவன் வர்ற வழி அதுதான் இப்ப.

உன் தபீத்தா நல்லாப் பேசறா. ஆனா கல்யாணம்னு சொன்னது தப்பு. புருஷன்கிட்ட நான் இவ்வளவு பொறுமையா இருந்ததே இல்லை.

சும்மாதான் கேக்கறேன், கல்லுல மெல்லிசான கோடு வெட்டறப்போ ஓரம் உதிராம இருக்க, உளியை எந்தப் பக்கம் சாய்ப்பே? தூமாசி கேட்டான்.

கையெழுத்து கோணலா இருக்குன்னு நினைக்காதே. கட்டைவிரல்ல மீன் முள்ளு குத்திடுச்சு.

ஆந்தையை யாரும் தொடலை.

நல்லா சாப்பிடு. தபீத்தாகிட்ட முதலையை வரைஞ்சு அனுப்பச் சொல்லு.

ஒலீப்பிகா


மூகா தீவு
மார்ச் 22

அன்பு மகளுக்கு,

நலம். நீங்களும் கதவைத் திறந்து வெளியே வந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். கட்டைவிரல் ஆறியதா? எந்த மீனுக்கு அவ்வளவு பெரிய முள்?

வெட்டாமல் விட்டுவைக்க வேண்டிய கோட்டுக்கு எதிர்ப்பக்கமாக உளியைச் சாய்க்க வேண்டும். கோடு மலை மாதிரி, அடி அகலமாக நிற்கணும். ஆனால் தூமாசி நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே கல் வெட்ட ஆரம்பித்தவன். அவன் எதற்கு இதைக் கேட்கிறான்? வயதாகிவிட்டதா?

இங்கே எனக்குத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த கிழங்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பச்சையாக மீன் சாப்பிடுகிறேன் என்று சொன்னால், நாங்களும்தான் என்று எலுமிச்சை பிழிந்து கொண்டுவந்து வைக்கிறார்கள். நான் இவர்களுக்குக் கல் வெட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கப்பலில் வந்த ஒரு பலகைக் கல்லை ஆளுக்கு ஒரு மூலை பிடித்துக்கொண்டு தட்டுகிறார்கள். "இது வெட்டறது இல்லை, கெஞ்சறது" என்கிறாள் தபீத்தா.

இவர்கள் வெட்டும் கோடுகளை நீ பார்க்க வேண்டும். ஓர் ஆமையை வரைந்தால் அதன் வயிறு முழுக்க அலை, நீரோட்டம், காற்று. இடம் விடாமல் கோடு. நானும் பயிற்சிக்கு ஒன்று செய்து பார்த்தேன். நகரத்திலிருந்து வந்த ஒரு காட்சிக்கூடக்காரி அதைப் பார்த்துவிட்டு, கொட்டகையிலேயே இதுதான் அருமை என்றாள். சும்மா பயிற்சிதான். அதை விடு.

சும்மாதான் கேட்கிறேன், ஓர் உருவம் வரையும்போது நீ எங்கிருந்து தொடங்குவாய்? தலையா, காலா?

அடாமியை விசாரித்ததாகச் சொல். மருமகன் மரியாதையோடு இருக்கட்டும்.

அப்பா


மூகா தீவு
ஏப்ரல் 6

மகளே,

உன் பதில் வருவதற்குள் இன்னொன்று எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. சாப்பிடுகிறேன். மழை குறைந்துவிட்டது.

முன்னாடியே ஊருக்கு வந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். ஒன்றும் இல்லை. தபீத்தா கொஞ்ச நாளாகப் பேசுவதில்லை. வேலை அதிகம் போல. கிழங்கு கொண்டுவந்து வைக்கிறாள், பேசாமல் போகிறாள்.

ஒன்றும் இல்லை.

நிவியாக்


காங்கிக்
மே 1

அப்பாவுக்கு,

உன் ரெண்டு கடுதாசியும் ஒரே விமானத்துல வந்துச்சு. நாங்க சுகம். வாத்து வர ஆரம்பிச்சாச்சு, ஊர்ல பாதிப் பேரு வேட்டைக் கூடாரத்துக்குப் போயாச்சு. அடாமி போன வாரம் எட்டு சுட்டேன்னு சொல்றான், நான் பாத்தது மூணு.

ஒரே பக்கத்துல ரெண்டு தடவை ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்கே. நீ ஒண்ணும் இல்லைன்னா எனக்குத் தெரியாதா? என் பழைய ஆந்தை ஒண்ணோட ரெக்கையைத் தப்பா வெட்டிட்டு ஒரு வாரம் ஒண்ணும் இல்லைன்னு சுத்தினவ நீ.

ஒருத்தி பேசாம இருக்கா, ஆனா கிழங்கு கொண்டு வர்றான்னா, அவளுக்கு உன் மேல கோபமும் இருக்கு, அக்கறையும் இருக்கு. போய்க் கேளு. நேராக் கேளு. கேக்காம இங்க ஓடி வந்தே, கதவைத் திறக்க மாட்டேன். ஜன்னல் வழியா வர நீ என்ன தூமாசியா?

தலையா காலான்னு கேட்டிருந்தே. ரெண்டும் இல்லை. எது பாரமா இருக்கோ அங்க ஆரம்பிப்பேன். வால்ரஸ்னா கழுத்து. பொம்பளைன்னா முதுகுல இருக்கற குழந்தை. நீ ஏன் கேக்கறே?

சும்மாதான் கேக்கறேன், உடைஞ்ச கல்லை ஒட்ட ஏதாவது பசை இருக்கா?

ஒலீப்பிகா


மூகா தீவு
மே 20

அன்பு மகளுக்கு,

நீ சொன்னபடி போய்க் கேட்டேன். இப்போது நிஜமாகவே நலம். இனி ஒளிக்கமாட்டேன்.

அந்தப் பயிற்சி என்று எழுதினேனே, அது ஒரு சுறா. நான்தான் வரைந்தேன். நானே வரைந்து, நானே வெட்டி, அதன் வயிறு முழுக்க இவர்களுடைய கோடுகளை நிரப்பினேன். அழகாக வந்தது. கீழே என் பெயரைப் போட்டேன். ஒரே பெயர். கோபமா உனக்கு?

தபீத்தா வீட்டு வாசலில் போய் நின்று, "என்ன பண்ணினேன், சொல்லு" என்றேன்.

"நீ தெரியாம பண்ணினேன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் திட்ட முடியலை. திட்ட முடியாததாலதான் பேச முடியலை" என்றாள். பிறகு உட்காரச் சொன்னாள். "சுறா எங்க அம்மா வீட்டுக்காரங்களோடது. அதோட வயித்துல இருக்கற கோடு எங்க வீட்டுக் கோடு. ரெண்டையும் எடுத்துக்கிட்டு உன் பேரைப் போட்டுட்டே."

"நீதானே கத்துக்கொடுத்தே?"

"கத்தி பிடிக்கக் கத்துக்கொடுத்தேன்."

அவளுடைய மாமா மகன் எலியேசர்தான் அந்த வீட்டுக்காக இந்த விஷயங்களைப் பேசுகிறவர். இறால் படகு வைத்திருக்கிறார், பெரிய உடம்பு. எடுத்த அச்சுகளைச் சுருட்டிக்கொண்டு போனேன். அவர் படகு எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதட்டுவார் என்று நினைத்தேன். ஸ்பேனரை என் கையில் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"உங்க ஊர்ல நீ எதோட ஆளு? சுறாவா, ஆமையா?"

"எங்களுக்கு அப்படி இல்லை. எனக்குப் பேருதான் இருக்கு" என்று உன் அப்பா கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே திருகினார்.

"அந்தப் பேரை நீயே எடுத்துக்கிட்டியா?"

"இல்லை, அவரோட மனைவி வந்து கொடுத்தாங்க."

"கேக்காம எடுத்திருந்தா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேரைப் போய் யாராவது கேக்காம எடுப்பாங்களா?" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது நான் சொன்னது. அவர் ஸ்பேனருக்குக் கையை நீட்டினார்.

அச்சுகளை அவரிடமே கொடுத்துவிட்டேன். ஒன்றைப் பிரித்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. வீட்டுலயே இருக்கட்டும், வெளிய போக வேண்டாம்" என்றார். நாம் அச்சு முடிந்ததும் இனி எடுக்க முடியாதபடி கல்லின் மேல் குறுக்கே கீறி ஓய்வு கொடுப்போமே, அது போல அந்த லினோவைத் தபீத்தா முன்னால் வைத்துக் குறுக்கே கீறினேன். "ஐயோ, இவ்வளவு ஆழமாவா? மேசையை விடு" என்றாள். அவள் என்னோடு பேசிய சந்தோஷத்தில் மேசை போனாலும் பரவாயில்லை என்று இருந்தது.

கிளம்பும்போது எலியேசர் கேட்டார்: "அந்தப் பேருக்காரர் உன்கிட்டதானே இருக்கார்? அவரை ஏன் வரையலை?"

சும்மாதான் கேட்கிறேன், உன் அப்பா எப்படி நிற்பார்? என்ன போட்டுக்கொள்வார்? மூக்கு எப்படி இருக்கும்? அந்த ஒரே போட்டோவில்தான் அவர் அசைந்துவிட்டாரே.

கல் ஒட்டப் பசை கிடையாது. எந்தக் கல் உடைந்தது?

அப்பா


காங்கிக்
ஜூன் 14

அப்பாவுக்கு,

எல்லாரும் சுகம். சூரியன் மறையறதே இல்லை, அடாமி தூங்கறதும் இல்லை.

கோபமான்னு கேட்டிருந்தே. இத்தனை வருஷமா என் கோடு உனக்குப் பிடிச்சு வெட்டினியா, பிடிக்காம வெட்டினியான்னு ஒரு ராத்திரி யோசிச்சேன். காலையில டீ குடிச்சதும் போயிடுச்சு. நீ கேட்ட கேள்விக்கு இதான் பதில். இனிமே கேக்காதே.

எலியேசர் நல்ல மனுஷன். நம்ம பேரை வெளியூர்க்காரன் ஒருத்தன் பொம்மை மேல போட்டு வித்தப்போ நீ எப்படிக் குதிச்சே? நினைச்சுப் பாரு.

எங்க அப்பாவைப் பத்திக் கேட்டே. உன்னைப் பத்தி உனக்கே சொல்றதுக்குச் சிரிப்பா இருக்கு. அவர் தோலாடையோட குல்லாவைத் தலையில போட்டதே இல்லை, எவ்வளவு குளிர்னாலும் பின்னால தொங்கும். அம்மா கத்துவா. பாட்டு வராது, ஆனா பாடுவார். நாய்கள் கூடப் படுத்துக்கும் பாட்டு ஆரம்பிச்சா. சறுக்கு வண்டியில என்னை உக்கார வெச்சுட்டு அவர் முன்னால நடப்பார். புயல் அடிச்சு ஒண்ணும் தெரியலைன்னா, நின்னு, காலால பனியைத் தடவுவார். காத்து பனியில வரி வரியா மேடு போட்டுட்டுப் போகும் இல்லையா, அந்த மேடு எந்தப் பக்கம் படுத்திருக்குன்னு பாதத்துல தெரிஞ்சுக்குவார். கண்ணை மூடிட்டுதான் பண்ணுவார். "வீடு அந்தப் பக்கம்"னு சொல்லிட்டு நடப்பார். ஒரு தடவையும் தப்பினது இல்லை. ஒரே ஒரு தடவை தப்புச்சு, அன்னைக்கு நல்ல வேட்டை கிடைச்சது.

நான் பாத்தது பூரா அந்த முதுகுதான். தோலாடையில அம்மா போட்ட தையல் கூட ஞாபகம் இருக்கு. இடது தோள் கொஞ்சம் இறங்கி இருக்கும்.

மூக்கு மூக்கு மாதிரி இருந்துச்சு.

எந்தக் கல்லும் உடையலை.

ஒலீப்பிகா


மூகா தீவு
ஜூன் 30

அன்பு மகளுக்கு,

நலம். இதோடு ஓர் அட்டைக் குழாய் வரும். மெதுவாகத் திற.

அவரை வரைந்திருக்கிறேன். நீ சொன்னபடி பாரமான இடத்தில் ஆரம்பித்தேன். அது அந்த இடது தோள். தபீத்தாவிடமிருந்து ஒரு கோடும் எடுக்கவில்லை, அவளே பார்த்துச் சொன்னாள். அவர் காலுக்குக் கீழிருந்து படம் முழுக்க ஓடுவது நம் பனிக் காற்றின் வரிகள். "உங்க ஊர்லயும் காத்துக்குக் கோடு இருக்கா?" என்று கேட்டாள். "இருக்கு, ஆனா காலால படிக்கணும்" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு லினோ மேல் ஏறி நின்றுவிட்டாள். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

படத்தில் அவர் திரும்பி நிற்கிறார். நீ அதிகம் பார்த்தது முதுகு என்றாய். முகம் எனக்குத் தெரியாது.

கீழே என் பெயர் போட்டிருக்கிறேன். அவர் பெயரும் அதுதான் என்பதால் யார் வரைந்தது, யார் நிற்பது என்று ஒரே குழப்பம்.

பிடிக்கவில்லை என்றால் அடுப்பில் போடு. ஆனால் சொல்லிவிட்டுப் போடு.

நிவியாக்


மூகா தீவு
ஆகஸ்ட் 2

மகளே,

குழாய் வந்ததா? பதில் இல்லை. மூடுபனியில் விமானம் வரவில்லையோ என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தபீத்தா தினமும் தபால் படகைப் பார்த்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்குகிறாள். "உன் மக உன்னைத் தலைமுழுகிட்டா போல" என்கிறாள், பிறகு கிழங்கை இரட்டிப்பாக வைக்கிறாள்.

உன் முழங்கால் நலமா? அடாமி நலமா? யாருக்காவது உடம்பு சரியில்லையா?

அடுத்த மாதக் கடைசியில் கிளம்புகிறேன். உன்னைக் கேட்காமல் அவரை வரைந்திருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. சுறாவிடம் கற்றதை உன்னிடம் மறந்துவிட்டேன்.

நிவி


காங்கிக்
ஆகஸ்ட் 28

அப்பாவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லை. குழாய் போன மாசமே வந்துச்சு. முதல்ல பிரிக்கலை. தபீத்தா சுட்ட ரொட்டியா இருக்கும்னு அடாமி அதை ஆட்டிப் பாத்தான்.

பிரிச்சு, சாப்பாட்டு மேசைக்கு எதிரே சுவத்துல குத்தினேன். அடாமி உள்ள வந்தான். தொப்பியைக் கழட்டினான். அவனுக்குச் சின்னப் பையனா இருந்தப்போவே எங்க அப்பாவைத் தெரியும். "குல்லாவைத் தொங்க விட்டிருக்கார் பாரு"ன்னான். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிட்டோம். அவ்வளவுதான்.

ஏன் எழுதலைன்னு சொல்றேன். நான் ஆந்தை வரைஞ்சேன், வால்ரஸ் வரைஞ்சேன், உலகத்துல இருக்கற அத்தனை மீனையும் வரைஞ்சேன். எங்க அப்பாவை வரைஞ்சது இல்லை. ஏன்னு நீயும் கேட்டது இல்லை. மூக்கு எப்படி இருக்கும்னு நீ எழுதினப்போ பென்சிலை எடுத்தேன். வரலை. முகமே வரலை எனக்கு. எட்டு வயசுல பாத்தது. அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் மூக்கு மாதிரி இருந்துச்சுன்னு எழுதினேன்.

கேக்காம வரைஞ்சேன்னு அழாதே. உனக்குப் பேரைக் கொடுத்தாச்சு. உனக்கில்லாத உரிமை யாருக்கு?

உன் படத்தை தினம் சாப்பிடறப்போ பாக்கறேன். ஒரு நாள் அவர் கொஞ்சம் திரும்பப் போறார் போல இருந்துச்சு. காகிதம் எடுத்தேன். கன்னத்துல ஆரம்பிச்சேன். இப்ப வரைஞ்சிட்டிருக்கேன். நல்லா வரலை. அடுப்புக்கு நிறைய தீனி. ஆனா வரைஞ்சிட்டிருக்கேன்.

இன்னொண்ணு. நீ வர்றதுக்குள்ள தெரிஞ்சுடும், நானே சொல்லிடறேன். மீன் முள்ளு இல்லை. உன் உளி. நீ போன மறுவாரமே ஆந்தையை நானே வெட்டப் பாத்தேன். நீ வந்ததும் காட்டி அசத்தலாம்னு. மூணு கல்லு போச்சு. ஆந்தைக்கு இப்ப ஒரு காலுதான். தூமாசி அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கான். நீ இவ்வளவு கஷ்டமான வேலை செய்யறேன்னு ஏன் சொல்லவே இல்லை? நான் உக்காந்து டீ குடிச்சுட்டு "சீக்கிரம்"னு சொல்லிட்டு இருந்திருக்கேனே.

சீக்கிரம் வா.

ஒலீப்பிகா


காங்கிக்
அக்டோபர் 25

அன்புத் தங்கை தபீத்தாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீ, எலியேசர் அண்ணன், வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். இங்கே பனி விழுந்து கடல் ஓரம் உறைய ஆரம்பித்துவிட்டது. நான் வியர்க்காமல் இருக்கிறேன். அதுவே பெரிய சுகம்.

படம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். நான் வந்து இறங்கியபோது ஒலீப்பிகா விமான ஓடுபாதைக்கே வந்திருந்தாள். கட்டிக்கொள்வாள் என்று பார்த்தால், கையில் சுருட்டிய காகிதத்தோடு, "மூக்கைப் பாரு" என்றாள். அங்கேயே, காற்றில், இரண்டு பேரும் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அதே மனிதர், அதே தோள், அதே பனி வரிகள். ஆனால் வண்டியில் இருக்கிற யாரோ கூப்பிட்டது போல முகத்தைப் பாதி திருப்பியிருந்தார். பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிய முகம்.

"வரிகளை உன்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டேன். தரியா?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் என்னிடம் அவள் கேட்டு வாங்கிய முதல் பொருள் அது. "யோசிச்சு சொல்றேன்" என்றேன். முதுகில் ஒன்று வைத்தாள்.

கல்லில் வெட்டுவது என்று முடிவானது. பழைய பில்லியர்ட்ஸ் மேசையின் கற்பலகை ஒன்று மிச்சம் இருந்தது. அதைவிட்டால் அடுத்த கப்பல்தான். தோளையும் ஆடையையும் பனியையும் நான் வெட்டினேன். முகத்துக்கு வந்ததும் ஒலீப்பிகா என் கையிலிருந்து உளியை வாங்கிக்கொண்டாள். தூமாசி எழுந்தே நின்றுவிட்டான். "மூணு கல்லைக் கொன்னவ நீ! இதுதான் கடைசிக் கல்லு!"

"தெரியும். நீ வெளிய போய் நில்லு."

"குளிருது."

"அப்ப திரும்பி நில்லு."

தூமாசி சுவரைப் பார்த்து நின்றான். நான் விளக்கைப் பிடித்தேன். அவள் வெட்டினாள், தபீத்தா. நாம் வெட்டுவது போல இல்லை. ஒரு தட்டு, ஒரு மூச்சு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு "சாய்ச்சுப் பிடி, சாய்ச்சுப் பிடி" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன். சத்தமாகவே சொல்லியிருக்கிறேன். மூக்கின் ஓரத்தில் ஒரு துணுக்கு தெறித்தது. மூன்று பேரும் அசையவில்லை. அவள் குனிந்து ஊதிப் பார்த்துவிட்டு, மேலே வெட்டினாள்.

மறுநாள் உருளையால் கல்லில் மை பூசினேன். மெல்லிய காகிதத்தைக் கல்லின் மேல் போட்டு, எதிரெதிரே நின்று இருவரும் உள்ளங்கையால் தேய்த்தோம். காகிதத்தின் வழியாக அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கருத்து வந்தார். ஆளுக்கொரு மூலை பிடித்துத் தூக்கினோம்.

தூமாசிதான் முதலில் பேசினான். "மூக்கு கொஞ்சம் அகலமாயிடுச்சே."

"அது அப்படித்தான் இருந்துச்சு" என்றாள் ஒலீப்பிகா.

"உனக்குத்தான் ஞாபகம் இல்லைன்னியே?"

"இப்ப வந்துடுச்சு."

அவன் சிரித்துக்கொண்டே டீ வைக்கப் போனான். நான் குனிந்து உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "அப்பா" என்றாள். "என்ன?" என்று நிமிர்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மறுபடியும் உருளையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

கீழே அவள் பெயர், என் பெயர் இரண்டும் இருக்கின்றன. யார் வரைந்தது, யார் வெட்டியது என்று தூமாசி எழுதச் சொன்னான். இரண்டு பேருக்கும் இரண்டையும் எழுது என்று சொல்லிவிட்டோம். எலியேசர் அண்ணனுக்கு ஓர் அச்சு எடுத்து வைத்திருக்கிறேன். அதை அவர் எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம், வெளியேயும் கொண்டு போகலாம்.

மார்ச்சில் நீ வருவதற்கு இங்கே எல்லாம் தயார். குளிருக்கு எதுவும் வாங்காதே, நாங்கள் தைக்கிறோம். உன் தோள் அளவை மட்டும் அனுப்பு. கல்லைக் கெஞ்சாமல் வெட்டுவது எப்படி என்று இந்த முறை காட்டுகிறேன்.

அன்புடன்,
நிவியாக்

இதைப் படிச்சுட்டு ஒலீப்பிகா எழுதறேன். தபீத்தா, என் அப்பாவுக்குக் கிழங்கு போட்டு நல்லாப் பாத்துக்கிட்டே. இளைச்சு வரும்னு நினைச்சேன், குண்டாத்தான் வந்திருக்கு. நீ வர்றப்போ தேங்காய் கொண்டு வா, எப்படி உடைக்கிறதுன்னும் காட்டு. தூமாசி சொன்னதை நம்பாதே, அவனுக்குக் கண்ணாடி மாத்தணும். மூக்கு சரியாத்தான் இருக்கு.